பொத்தானை அமத்தட்டாம்

நீர்வேலி
26.09.1992, சனிக்கிழமை முற்பகல்

அன்புள்ள மருமகன் குகதாசனுக்கு,

நீர்வேலியிலிருந்து உன் மாமா சோமசேகரம் எழுதுவது. கடிதத்தின் முதல் வரியில் யாவரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் முப்பத்தொரு வருடம் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளனாக நின்று, சத்தியம் செய்தவர்கள் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் மற்ற மொழியில் சொல்லியே பென்சன் எடுத்தவன் நான். ஆகவே நேற்று முன்தினம் வரைக்கும் உன் மாமி அருமைநாயகியின் வலது காலும் உன் தகப்பனார் இராசநாயகத்தின் இடது கையும் நலமில்லை என்பதைப் பதிவு செய்துகொண்டு, எங்கள் மூவரினதும் மீதி உறுப்புகள் நலமே என்று அறியத் தருகிறேன். ரொறன்ரோவில் உன்னுடைய உறுப்புகள் எல்லாம் ஒன்றும் விடாமல் நலமாயிருக்க நல்லூரானிடம் கேட்டிருக்கிறேன்.

நீ அனுப்பிய பொத்தான் சுவிச்சு வந்து சேர்ந்தது. அதைக் காரில் பூட்டியதும் எஞ்சினை எழுப்பமுன் கட்டாயம் சோதிக்க வேண்டும், பெறுபேற்றை மாமா எழுதி அனுப்ப வேண்டும் என்று கேட்டிருந்தாய். ஒரு வரியில் முடிக்கக்கூடிய விடயம்தான். ஆனால் நீ ஊரை விட்டுப் போய் ஐந்து வருடமாகிறது. முன்னர் நடந்ததைச் சொல்லாமல் பெறுபேற்றை மட்டும் சொன்னால், ஒரு சுவிச்சைச் சோதிக்க மூன்று பேரும் ஒரு குடையும் ஏன் தேவைப்பட்டன என்று நீ யோசிப்பாய்.

மாசி மாதம் உங்கள் ஏ-40 காரின் பழைய ஸ்ராட் சுவிச்சு செத்துப்போனது உனக்குத் தெரியும். அதன்பிறகு உன் தகப்பனார் காருக்கு முன்னால் இரும்புக் கம்பி விட்டுக் கையால் சுற்றித்தான் எஞ்சினை எழுப்பிவந்தார். பெற்றோலில் ஓடுகிற காருக்கு அது பெரிய வேலையில்லை. பெற்றோலுக்குத் தடை, ஆகவே இப்போது கார் குடிப்பது மண்ணெண்ணெய். எழும்பும்போது மாத்திரம் மருந்துப் போத்தலிலிருந்து நாலு சொட்டுப் பெற்றோல். மண்ணெண்ணெயில் ஓடிப் பழகிய எஞ்சின் சில நேரம் எதிர்ப்பக்கம் உதைக்கும். ஆவணியில் ஒருநாள் உதைத்த உதையில் கம்பி திரும்பி அடித்து, இடதுகைக்காரரான உன் தகப்பனாரின் இடது மணிக்கட்டு முறிந்தது. அதன்பிறகு அந்தக் கம்பியைத் தொட ஒருவருக்கும் துணிவில்லை. அதே கிழமை எங்கள் வளவுக்குள், பங்கரில் பழுக்க வைத்த வாழைக்குலையைப் பார்க்கவென்று இறங்கிய உன் மாமி குலைத்தண்டில் மிதித்துச் சறுக்கி வலது கணுக்காலை முறித்துக்கொண்டார். ஹெலிகொப்ரர் வரும்போதெல்லாம் அந்தப் பங்கருக்குள் நாங்கள் விழுந்தடித்து ஓடியிருக்கிறோம், ஒருவருக்கும் ஒரு கீறல் பட்டதில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். இருவருக்கும் பெரியாஸ்பத்திரியில் ஒரே டொக்டர்தான் பிளாஸ்ரர் போட்டார். அதை வெட்டுவதற்கும் இருவருக்கும் ஒரே நாளைக் குறித்தார்: செப்ரெம்பர் 24, வியாழக்கிழமை காலை. அன்றைக்குத் தவறவிட்டால் டொக்டர் கொழும்புக்குப் போய்விடுவார், திரும்பி வர ஒரு மாதமாகலாம், பாதை பூட்டினால் இன்னும் கூடலாம் என்று தாதி சொல்லியிருந்தார். இதற்கிடையில் உன் மாமியின் பிளாஸ்ரருக்குள் எறும்பு புகுந்துவிட்டது. பின்னல் ஊசியை உள்ளே விட்டுக் கிண்டியபடிதான் சாப்பாடு, கிண்டியபடிதான் தேவாரம்.

நீர்வேலியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஐந்தாறு கட்டை தூரம். கால் முறிந்த அன்று உன் மாமியை உழவு மெசின் பெட்டியில், சந்தைக்குப் போன வாழைக்குலைகளுக்கு நடுவில் வைத்துத்தான் கொண்டுபோனோம். மெசின்காரன் முதலில் சந்தையில் குலைகளை இறக்கினான், பிறகுதான் ஆஸ்பத்திரியில் மாமியை இறக்கினான். இரண்டையும் ஒரே முறையில் இறக்கினான் என்பது மாமியின் முறைப்பாடு. இனி உயிர் போனாலும் மெசினில் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டார். சைக்கிள் கரியரில் வைத்து நான் உழக்கலாமென்றால், எனக்கு வயது அறுபத்தெட்டு, உன் மாமியின் நிறை என் வயதிலும் கூட. ஆகவே கார் ஒன்றுதான் வழி. கார் பக்கத்து வளவில்தான் நிற்கிறது. ஆனால் அது உன் தகப்பனாரின் கார். உன் மாமி தன் தமையனாகிய அவரோடு கதைத்து ஒன்பது வருடமாகிறது.

அதற்குக் காரணம் உனக்குத் தெரியும் என்று நீ நினைப்பாய். உனக்குத் தெரிந்தது உன் தகப்பனார் தரப்பு மட்டும். எங்கள் மகள் நாகேஸ்வரியின் கலியாணத்தன்று பந்தி நடந்துகொண்டிருக்க, பந்தல் வாசலில் நின்ற உன் தகப்பனாரைப் பார்த்து உன் மாமி "சாப்பிட்டாச்சோ அண்ணை?" என்று கேட்டார் என்பது அவருடைய தரப்பு. அது வழியில் போகிறவனைக் கேட்கிற கேள்வி, தாய்மாமனைச் சாப்பிட அழைக்கிற வார்த்தை அல்ல என்று அவர் தண்ணீரும் குடிக்காமல் போய்விட்டார். தான் சொன்னது "சாப்பிடுங்கோ அண்ணை" என்பது மாமியின் தரப்பு. நான் அந்நேரம் இருவருக்கும் நடுவில் சாம்பார் வாளியோடு நின்றேன். இருவரும் என்னையே சாட்சியாகச் சொல்லி வருகிறார்கள். மொழிபெயர்ப்பவன் அதே வழக்கில் சாட்சி சொல்லக்கூடாது என்பது என் தொழில் தந்த கொள்கை. ஆகவே நான் இதுவரை வாய் திறக்கவில்லை. அன்றிலிருந்து முருங்கை மரம் சாய்ந்தாலும், சொந்தத்தில் ஒருவர் செத்தாலும், அந்த வளவில் சொன்னதை இந்த வளவிலும் இந்த வளவில் சொன்னதை அந்த வளவிலும் சொல்லிவருபவன் நான். பென்சன் எடுத்த பிறகுதான் எனக்கு வேலை கூடியது.

இந்த நிலையில்தான் போன ஞாயிற்றுக்கிழமை உன் சுவிச்சு வந்தது. உன் சிநேகிதனின் தாயார் அதைக் கொழும்பிலிருந்து கொண்டுவந்தார். கம்பி பூட்டுகிற இரண்டு ஆணியும் நடுவில் ஒரு பொத்தானுமாக இருக்கும் சாமானைச் சோதனைச் சாவடியில் கண்டால் ஆயிரம் கேள்வி வரும் என்று, ஒரு முகப்பவுடர் பேணியைத் திறந்து, பவுடருக்குள் சுவிச்சைப் புதைத்து மூடி, கொம்படிக் கடல்நீரேரித் தண்ணீருக்குள்ளால் பேணியைத் தலையில் வைத்துக் கடந்து வந்திருக்கிறார். அந்த அம்மாவுக்கு நீ ஒரு நன்றிக் கடிதம் போட வேண்டும். உன் தகப்பனார் ஒற்றைக் கையால் பவுடரைத் தட்டித் துடைத்து, நெடுநேரம் அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பொடியன் மறக்கேல்லை, மச்சான்" என்றார். திங்கட்கிழமை முழுதும் இருந்து அதைத் தானே காரில் பூட்டினார். செவ்வாய் பின்னேரம் சோதனை.

நீ வைத்த ஆங்கிலத் தாளை மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார். வாகனம் நடுநிலையில் இருத்தல் வேண்டும் என்று முதல் வரியை மொழிபெயர்த்தேன்.

"நியூற்றல் எண்டு சொல்லும், மச்சான். நடுநிலை எண்டு ஒண்டு இந்த உலகத்திலை இல்லை. ஒன்பது வருசமா உம்மைப் பாத்துக்கொண்டுதானே இருக்கிறன்" என்றார் உன் தகப்பனார்.

நான் அதைப் பொருட்படுத்தாமல் அடுத்த வரிக்குப் போனேன். ஸ்ராட்டருக்குப் போகிற கம்பியைக் கழற்றி, அதன் நுனியில் ஒரு சிறு மின்குமிழைப் பிடிக்க வேண்டும். ஒருவர் உள்ளே இருந்து பொத்தானை அமத்த, மற்றவர் குமிழைப் பார்க்க வேண்டும். எரிந்தால் சுவிச்சு நல்லது, எரியாவிட்டால் பழுது. இதற்கு இரண்டு பேர் தேவை. நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். ஆனால் உன் தகப்பனாருக்கு ஒரு கைதான் இருந்தது. பின்லைற்றில் கழற்றிய குமிழை அவர் வலது கையால் எஞ்சினோடு அழுத்தி, பிளாஸ்ரருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இடது கை விரலால் கம்பியைக் குமிழின் அடியில் சேர்த்துப் பிடித்தார். அதோடு அவருடைய ஆள்பலம் முடிந்தது. நான் உள்ளே ஏறி அமத்தலாமென்றால், கார்க் கொட்டிலின் தகரங்கள் முழுதும் பங்கர் மூடப் போய்விட்டபடியால் எஞ்சினுக்குள் வெயில் நேரே விழுந்தது. அந்த வெயிலில் சின்னக் குமிழ் எரிகிறதா இல்லையா என்று மனிதக் கண்ணுக்குத் தெரியாது. ஒருவர் குடை பிடிக்க வேண்டும். வெயில் தாழட்டும் என்றால் அதற்கும் வழியில்லை. காரின் பற்றறி எப்போதோ செத்துப்போய், அன்று வைத்திருந்தது அயல்வீட்டுக் கந்தப்பரின் பற்றறி. அது அவருடைய ரேடியோவுக்கு உயிர். பின்னேரச் செய்திக்கு முதல் திரும்பி வர வேண்டும் என்ற நிபந்தனையில்தான் அவர் தந்திருந்தார்.

உன் தகப்பனார் குமிழைப் பிடித்தபடி குனிந்து நின்று, எஞ்சினைப் பார்த்துச் சொன்னார்: "வேறை ஆர் இருக்கினம் உங்கை? காலிலைதானே முறிவு. கையிலை ஒண்டும் இல்லையே."

நான் எங்கள் வளவுக்கு வந்து, சொன்னதைச் சொன்னபடி உன் மாமியிடம் சொன்னேன். மாமி பின்னல் ஊசியைக் கீழே வைத்தார். "என்ரை காலுக்காகத்தான் வாறன், வேறை ஒண்டுக்குமில்லை எண்டு சொல்லுங்கோ" என்றார். என் தோளைப் பிடித்து ஒற்றைக் காலால் கெந்திக் கெந்தி ஒன்பது வருடத்துக்குப் பிறகு தமையனின் படலையைத் தாண்டினார். உன் தகப்பனார் நிமிரவில்லை. மாமியைச் சாரதி ஆசனத்தில் இருத்தி, பிளாஸ்ரர் காலைக் கதவுக்கு வெளியே நீட்டி ஒரு முக்காலியில் வைத்தேன். பிறகு முன்னால் வந்து எஞ்சினுக்கு மேலே குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். சோதனை ஆரம்பமானது.

"அமத்தச் சொல்லும்" என்றார் உன் தகப்பனார்.

"பொத்தானை அமத்தட்டாம்" என்றேன் நான்.

"அமத்தியாச்செண்டு சொல்லுங்கோ" என்றார் மாமி.

"அமத்தியாச்சாம்."

"எரியேல்லை எண்டு சொல்லும்."

"எரியேல்லையாம்."

"இப்ப விட்டிட்டன். எப்பிடி எரியும் எண்டு கேளுங்கோ."

மருமகன், நீதிமன்றத்தில் கேள்வியும் பதிலும் எவ்வளவு ஆறுதலாகப் போனாலும் ஒருவருக்கும் நட்டமில்லை, வழக்கு அடுத்த தவணைக்குப் போகும். மின்சாரத்தின் குணம் வேறு. அமத்தட்டாம் என்ற சொல் அவரிடமிருந்து என்னிடம் வந்து, என்னிடமிருந்து மாமியிடம் போய், மாமி அமத்தி, அமத்தியாச்சு என்ற சொல் திரும்பி வந்து, உன் தகப்பனார் குமிழில் கண்ணை வைக்கும்போது, மாமியின் பெருவிரல் பொத்தானை விட்டு எழும்பிவிடும். மாமி அமத்திக்கொண்டிருக்கும் நேரமோ உன் தகப்பனார் என்னைத் திரும்பிப் பார்த்து "சொன்னனீரோ?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். நானோ மாமி பக்கம் திரும்பி நிற்பேன். இப்படி ஏழு தரம் நடந்தது. குமிழ் எரிந்ததா எரியவில்லையா என்று ஏழு தரமும் ஒருவரும் பார்க்கவில்லை. நான் குடையை மற்றக் கைக்கு மாற்றினேன்.

"பிடிச்சுக்கொண்டு இருக்கச் சொல்லும் மச்சான்! அமத்திறதெண்டால் அமத்திப்போட்டு ஓடுறதோ?"

"ஓடுற காலே இது எண்டு கேளுங்கோ. சொல்லுறதை ஒழுங்காச் சொன்னால் ஒழுங்காச் செய்யலாம் எண்டும் சொல்லுங்கோ."

"ஒழுங்காச் சொல்லுறதைப் பற்றி ஆர் கதைக்கிறது எண்டு கேளும்! கலியாண வீட்டிலை ஒழுங்காச் சொல்லியிருந்தால் இண்டைக்கு இடையிலை ஒரு ஆள் வேணுமே!"

மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை, இருவருக்கும் இடையில் திறந்த பொனற் மட்டும்தான் இருந்தது. ஆனாலும் பழக்கத்தில் நான் "கலியாண வீட்டிலை" என்று தொடங்கினேன். மாமி இடைமறித்தார்.

"அவர் கிடக்கட்டும், நீங்கள் சொல்லுங்கோ. நீங்கள் அங்கை நிண்டனீங்கள்தானே? நான் என்ன சொன்னனான்?"

"ஓம், சொல்லும். இண்டைக்கு நீர் சொல்லத்தான் வேணும்" என்று உன் தகப்பனாரும் பொனற்றுக்குள்ளிருந்து தலையை எடுத்தார். அந்த வழக்கில் இருவரும் ஒத்துப்போன முதலாவது விடயம் அது.

உண்மை என்னவென்றால், உன் மாமி இரண்டையும் சொன்னார். முதலில் "சாப்பிட்டாச்சோ அண்ணை?" என்று கேட்டார். பதிலுக்கு நில்லாமல் "சாப்பிடுங்கோ அண்ணை" என்றும் சொன்னார். அதற்குள் மேளகாரர் தொடங்கிவிட்டார்கள், உன் தகப்பனாரும் வாசலைத் தாண்டிவிட்டார். இருவரும் சரி. ஒன்பது வருடமாக நான் அதைச் சொல்லாமல் விட்டதற்குக் கொள்கை மட்டும் காரணம் என்று எழுதினால் அது பொய்ச்சாட்சியாகும். இருவரும் சரியென்று சொன்னால், அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று இருவரும் என்னில் பாய்வார்கள் என்று பயந்தேன். முதல் கிழமை பயந்தது, பிறகு வருடங்கள் ஓட ஓட அந்தப் பயமும் வளர்ந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை அந்தக் குடைக்குக் கீழே, இனிச் சொல்லித்தான் ஆகவேண்டும் என்று நான் வாயைத் திறந்தேன்.

அதற்குள் மாமிக்குப் பொறுமை போய்விட்டது. "இவரைக் கேட்டு ஒருநாளும் விடிஞ்சதில்லை" என்று சொல்லி, பெருவிரலை விட்டுவிட்டு, உள்ளங்கை முழுதாலும் பொத்தானை ஓங்கி அமத்தி, எஞ்சின் பக்கம் கழுத்தை நீட்டி நேரே கத்தினார்:

"அண்ணை! அமத்திக்கொண்டுதான் இருக்கிறன், பாருங்கோ! எரியுதோ?"

உன் தகப்பனார் குமிழைப் பார்த்தார். "இல்லைப் பிள்ளை. எரியேல்லை."

"வடிவாப் பாத்தனீங்களோ?"

"பாத்தன். எரியேல்லை."

"கை உழையுது, விடட்டோ?"

"விடு, விடு. கையை உழைய விடாதை."

இவ்வளவும்தான் கதைத்தார்கள். நான் அந்நேரம் குடையை எந்தப் பக்கம் பிடித்தேன் என்று எனக்கு நினைவில்லை.

ஆனால் குமிழ் எரியவில்லை. உன் தகப்பனார் குமிழையும் கம்பியையும் என் கைகளில் தந்து, குடையை என் தோளில் சாய்த்துவிட்டு, உள்ளே போய், சுவிச்சுக்குப் பின்னால் இருந்த இரண்டு கம்பியையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்தார். நான் குடைக்குள்ளிருந்து "எரியுது!" என்றேன். அப்படியென்றால் பற்றறி சரி, கம்பி சரி, குமிழ் சரி, பழுது சுவிச்சில்தான். உன் தகப்பனார் காரின் மட்காட்டில் அப்படியே இருந்துவிட்டார். வியாழக்கிழமை போக முடியாது என்பதை அவர் சொல்லவில்லை, தன் கையைப் பற்றியும் சொல்லவில்லை. "பொடியனுக்கு ஆரோ பழுதைக் குடுத்து ஏமாத்திப் போட்டாங்கள். பாவம், இதை அவனுக்கு எழுதாதையும்" என்றார். எழுதக்கூடாது என்று சொன்னதையும் எழுதுகிறேன், ஏனென்றால் அடுத்த நிமிடமே அந்தக் கட்டளை காலாவதியானது.

மாமி தன் உள்ளங்கையை மூக்கடியில் வைத்து மணந்துகொண்டிருந்தார். "அண்ணை, இதென்ன வாசம்? கலியாணப் பொம்பிளை மாதிரி மணக்குது."

"முகப்பவுடர். அதுக்குள்ளை வைச்சுத்தான் வந்தது. நான் துடைச்சிட்டன்."

"வெளியிலை துடைச்சியள். உள்ளுக்கு?"

உன் தகப்பனார் எழும்பி வந்து சுவிச்சைக் கழற்றி மாமியிடம் கொடுத்தார். மாமி அதை முக்காலியில் கவிழ்த்துத் தட்டினார். பவுடர் வந்தது. மேலும் தட்டினார், மேலும் வந்தது. அந்தச் சின்னச் சாமானுக்குள் அவ்வளவு பவுடர் கொள்ளும் என்று நான் சத்தியம் செய்து சொன்னாலும் ஒரு நீதவானும் நம்பமாட்டார். பிறகு மாமி கொண்டையூசியை விட்டுக் கிண்டினார். ஆறு கிழமையாக எறும்புக்கு ஊசி விட்டுப் பழகிய கை, வேலை சுத்தமாயிருந்தது. மண்ணெண்ணெயில் கழுவி, சேலைத் தலைப்பால் துடைத்து, ஊதிக் கொடுத்தார். உன் தகப்பனார் திரும்பவும் பூட்டினார். நான் தாளைப் பார்த்து "மறுபடியும் சோதிக்கவும்" என்று மொழிபெயர்த்தேன். ஒருவரும் கேட்கவில்லை.

"அமத்து, பிள்ளை."

"அமத்திறன். எரியுதோ?"

"எரியுது! விடு... நூந்திட்டுது. திருப்பி அமத்து... எரியுது!"

ஒருமுறை போதும் என்று உன் தாளில் தெளிவாக எழுதியிருக்கிறது. இவர்கள் எத்தனை முறை செய்தார்கள் என்று நான் எண்ணவில்லை. அமத்து, எரியுது, விடு, நூந்திட்டுது என்று, அறுபது வயது தாண்டிய இருவர் ஒரு பின்லைற் குமிழை வைத்துக்கொண்டு சிரித்தார்கள். பிறகு ஸ்ராட்டர்க் கம்பியைப் பூட்டி, நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு, மாமி அமத்தினார். கார் ஒரு இருமல் இருமி எழும்பியது. மண்ணெண்ணெய்ப் புகையில் ஒருவரையொருவர் தெரியவில்லை. நிற்பாட்டி மீண்டும் எழுப்பினார்கள். மீண்டும் நிற்பாட்டினார்கள். பற்றறியைத் திருப்பிக் கொடுக்கும்போது அதற்குள் ஒன்றும் மீதியிருக்கவில்லை. அன்றைக்குக் கந்தப்பர் வீட்டு விறாந்தையில் செய்தி கேட்கக் கூடிய அயலவர்கள் உலகத்தில் என்ன நடந்தது என்று அறியாமலே வீடு திரும்பினார்கள். புதன்கிழமை முழுதும் கொக்குவிலில் ஒரு கடையில் அதே பற்றறியை வைத்து மின்னேற்றி, இந்தக் கிழமை முடியும்வரை காருக்கு இரவல் கேட்டு, வியாழன் காலையில் நானே சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தேன்.

வியாழக்கிழமை காலை காரில் நான் பின்னால் இருந்தேன். மாமி முன்னால், கால் நீட்ட இடம் வேண்டும் என்று. உன் தகப்பனார் ஒற்றைக் கையால் சுக்கான் பிடித்தார். உங்கள் காரில் கியர்த் தடி சுக்கானுக்குக் கீழே இடது பக்கம் இருப்பது உனக்குத் தெரியும். இடது கையோ பிளாஸ்ரருக்குள். ஆகவே உன் தகப்பனார் கிளச்சை மிதித்துக் கட்டளை கொடுக்க, மாமி கியர் போட்டார். படலையிலிருந்து பிரதான வீதிக்கு வருமுன் மூன்று முறை கார் நின்றது. கோப்பாயில் "ரெண்டு போடு" என்றதற்கு மாமி ரிவேஸைப் போட்டதால் பின்னால் வந்த சைக்கிள்காரர் ஒருவர் பூவரசு வேலிக்குள் இறங்கினார். இருபாலை தாண்டும்போது கட்டளை குறைந்தது. கல்வியங்காட்டுக்குப் பிறகு கட்டளையே இல்லை. எஞ்சினின் சத்தத்தைக் கேட்டே மாமி போட்டார், உன் தகப்பனாரும் அதைக் கவனிக்காதவர் மாதிரி நாகேஸ்வரியின் பிள்ளைகள் என்ன படிக்கினம் என்று கேட்டுக்கொண்டு போனார். நல்லூரடியில் இருவரும் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டார்கள். உன் தகப்பனாருக்கு இருந்தது ஒரு கைதான் என்பதால் அந்தச் சில கணங்கள் காரை ஒருவரும் பிடித்திருக்கவில்லை. நானும் கும்பிட்டேன்.

டொக்டர் முதலில் கையை வெட்டினார், பிறகு காலை. அதாவது பிளாஸ்ரரை. எலும்புகள் நன்றாகப் பொருந்தியிருக்கின்றன என்றார். திரும்பி வரும்போது உன் தகப்பனார் கியரில் தன் இடது கையை வைத்தார். மாமி அந்தக் கையைத் தட்டிவிட்டு, "புதுக் கை. அலுப்புக் குடுக்காதையுங்கோ. நான் போடுறன், நீங்கள் ரோட்டைப் பாருங்கோ" என்றார். இருபாலைச் சந்தியில் காரை நிற்பாட்டி இதைப் பற்றி உரத்துப் பேசினார்கள். என்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நான் பின் ஆசனத்தில் இருந்து வெளியே போகிற சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வேலை இல்லாமல் போனது அன்றைக்குத்தான் என்று சொல்ல வேண்டும். பென்சன் எடுத்த அன்று இருந்ததைவிட நல்லாயிருந்தது. ஆனால் கொஞ்சம் வெறுமையாகவும் இருந்தது.

ஆகவே நீ கேட்ட பெறுபேறு: சுவிச்சு நல்லது. எரிகிறது. இனி ஏதும் அனுப்புவதானால் பவுடரை விட்டு வேறொன்றில் வைத்து அனுப்பவும்.

குளிருக்கு மொத்தமான சப்பாத்தும், பசிக்கு நேரத்துக்குச் சோறும், வேலை முடிந்து வந்தால் கதைக்க ஒரு தமிழ்ச் சனமும் உனக்குக் குறையாமல் இருக்க, ஒன்பது வருடத்துக்குப் பிறகு ஒரே வீட்டில் இருந்து நாங்கள் மூவரும் உன்னை ஆசீர்வதிக்கிறோம்.

இப்படிக்கு,
உன் அன்பு மாமா
க. சோமசேகரம்

பிற்குறிப்பு: கடிதத்தை மடிக்கும் நேரம் உன் தகப்பனாரும் மாமியும் வந்து, என்ன இவ்வளவு நீளம் என்று கேட்டு, வாசிக்கச் சொன்னார்கள். ஒரு சொல்லும் விடாமல் வாசித்தேன். இருவரும் பின்வருமாறு வாக்குமூலம் தந்திருக்கிறார்கள். தாங்கள் ஒன்பது வருடம் கதைக்காமல் இருந்ததாக எழுதியிருப்பது முழுப்பொய். "எங்களுக்குள்ளை என்ன கோவம்? ஆர் சொன்னது?" என்கிறார் மாமி. "வேலை வெட்டியாலை கொஞ்சம் கதைக்க நேரம் கிடைக்கேல்லை, அவ்வளவுதான்" என்கிறார் உன் தகப்பனார். கலியாண வீட்டில் அவர் நன்றாகச் சாப்பிட்டாராம், இரண்டாந்தரம் பாயாசமும் கேட்டு வாங்கினாராம்; பரிமாறியதே தான்தான் என்கிறார் மாமி. செவ்வாய்க்கிழமை குமிழ் முதற்தரமே எரிந்ததாம், குடை பிடித்தவர் மறைத்தபடியால்தான் தெரியவில்லையாம். கோப்பாயில் வேலிக்குள் இறங்கிய சைக்கிள்காரர் தானாகவே இறங்கினாராம். "சுவிச்சு கிடைத்தது, நல்லது" என்ற மூன்று சொல்லை மட்டும் எழுதி, மற்றதெல்லாவற்றையும் வெட்டச் சொல்கிறார்கள். வீட்டில் வேறு தாள் இல்லை, கடிதத்தைக் கொழும்புக்குக் கொண்டுபோகிறவர் படலையடியில் நிற்கிறார். ஆகவே மேலே எழுதிய யாவற்றையும் வாசிக்காமல் விடவும். இருவரும் காரில் ஏறி எஞ்சினையும் எழுப்பிவிட்டார்கள். எங்கே போகிறோம் என்று கேட்டேன். பேசாமல் வந்து பின்னால் ஏறட்டாம்.